கோட்டை முதல் பாரிமுனை வரை: பழைய சென்னையை நடந்து பார்ப்போருக்கு
வாசகர் கேள்வி – பதில்

சென்னையின் காலனிக்காலக் கட்டடங்களை வழிகாட்டியோடு நடந்து பார்ப்பது பற்றியும், அப்படி ஒரு நடையைத் தாங்களே நடத்துவது பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

நாங்கள் எட்டுப் பேர் கோவையிலிருந்து வருகிறோம். அம்மாவுக்கு 68 வயது. ஒரே காலையில் பிரிட்டிஷ் காலத்துச் சென்னையைப் பார்க்க என்ன வழி?
– வாசகி, கோவை

புனித ஜார்ஜ் கோட்டை, உயர் நீதிமன்றம், ரிப்பன் மாளிகை, எழும்பூர் அருங்காட்சியகம், மெரினா என்று எல்லாவற்றையும் ஒரே காலையில் அடக்கப் பார்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. பாதி நேரம் ஆட்டோவிலும் சிக்னலிலும் போய்விடும். ஒரு வட்டாரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல்முறை வருகிறவர்களுக்கு ராஜாஜி சாலை, பாரிமுனை, அரண்மனைக்காரத் தெரு, கோட்டை என்ற வரிசைதான் சரி. மொத்தம் சுமார் 3 கிலோமீட்டர். நின்று பார்க்கும் நேரத்தையும் சேர்த்து நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள்.

காலை 7 மணிக்குச் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தில் கூடுங்கள். எதிரே தலைமைத் தபால் நிலையம். ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1884-இல் திறந்தது. அங்கிருந்து தெற்கே நடந்தால் பாரத ஸ்டேட் வங்கியின் பழைய கட்டடம் வரும். மெட்ராஸ் வங்கிக்காக ஹென்றி இர்வின் வடிவமைத்தது, 1897. இரண்டும் சாலையின் மேற்குப் பக்கம் கிழக்கு பார்த்து நிற்பவை. ஆகவே காலை வெயில் முகப்பில் நேராக விழும், வளைவும் சிற்ப வேலையும் தெளிவாகத் தெரியும். மாலை நான்கு மணிக்குப் போனால் முகப்பு முழுக்க நிழல், படமும் எடுபடாது.

இந்த இடத்தில் வழிகாட்டி சொல்லியே ஆக வேண்டிய செய்தி ஒன்று உண்டு. துறைமுகம் கட்டும்வரை இந்தச் சாலைதான் கடற்கரை. அலை இந்தக் கட்டடங்களின் வாசலுக்கு எதிரே வந்து அடித்தது. கப்பல்கள் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்க, ஆளையும் சரக்கையும் மசூலா படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். மசூலா படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலை மோதியதும் பிளந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால்தான் வங்கியும் தபால் நிலையமும் கம்பெனி அலுவலகங்களும் ஏன் இந்த ஒரே சாலையில் வரிசை கட்டி நிற்கின்றன என்பது புரியும். கணித மேதை ராமானுஜன் 1912 மார்ச்சில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்ததும் இங்கிருந்த துறைமுகக் கழகத்தில்தான்.

அடுத்தது பாரிமுனை. தாமஸ் பாரி 1788-இல் தொடங்கிய நிறுவனத்தின் டேர் ஹவுஸ் மூலையில் இருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1940-ஐ ஒட்டியது. கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டு நகராமல், என்.எஸ்.சி. போஸ் சாலைப் பக்கம் அதன் ஓரமாக நிற்கும் கல் தூணைத் தேடுங்கள். அதைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி வந்திருக்கிறது, கீழே பாருங்கள்.

பிறகு அரண்மனைக்காரத் தெருவில் இருக்கும் ஆர்மீனியன் தேவாலயம். 1712-இல் எழுந்து, 1772-இல் இப்போதைய இடத்தில் மீண்டும் கட்டப்பட்டது. மணிக்கூண்டு தேவாலயத்தை ஒட்டாமல் தனியே நிற்கும், அதில் ஆறு மணிகள். முற்றத்தில் ஈழத்தலரி மரங்களின் அடியில் பரவியிருக்கும் கல்லறைக் கற்களைக் குனிந்து பாருங்கள். உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான ‘அஸ்தராரை’ 1794-இல் சென்னையில் அச்சிட்ட பாதிரியார் ஹருத்யூன் ஷ்மவோனியன் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். காலை 9 மணிக்கு மேல்தான் திறப்பார்கள், பிற்பகலில் பூட்டிவிடுவார்கள். கடற்கரை நிலையத்தில் 7 மணிக்குத் தொடங்கச் சொன்னதற்கு இதுதான் காரணம். நிதானமாக வந்தால் திறக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து சேர்வீர்கள்.

அங்கிருந்து உயர் நீதிமன்றத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டுக் கோட்டைக்குப் போகலாம். அம்மாவை அந்தக் கடைசிப் பகுதிக்கு மட்டும் ஆட்டோவில் அழைத்துப் போங்கள். நிழலே இல்லாத நடை அது, மணியும் பத்தைத் தாண்டியிருக்கும். கோட்டை அருங்காட்சியகத்தின் மாடிக்குப் படியேற வேண்டும். அவர் கீழ்த்தளத்தையும் புனித மேரி தேவாலயத்தையும் பார்த்தாலே போதுமான அளவு பார்த்ததாகிவிடும்.

எந்தக் கிழமை போவது நல்லது?
– வாசகர், விருத்தாசலம்

வெள்ளி வேண்டாம். கோட்டை அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை பாரிமுனைத் தெருக்களில் தள்ளுவண்டியும் லாரியும் குறைவு, கட்டடங்களை நின்று பார்க்கலாம். ஆனால் அன்று காலை புனித மேரி தேவாலயத்தில் வழிபாடு நடக்கும், சுற்றிப் பார்ப்பவர்கள் அந்த நேரத்தில் நுழையக் கூடாது. ஆகவே ஞாயிறென்றால் கோட்டையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்ற வளாகத்துக்குள் போக விரும்பினால் வேலை நாள்தான் வசதி. மாதங்களில் டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரை நல்லது. ஆகஸ்ட் 22 சென்னை தினத்தை ஒட்டிய வாரங்களில் நிறைய நடைகள் நடத்துவார்கள். வெயில் இருக்கும், ஆனால் வழக்கமாகத் திறக்காத சில இடங்களுக்கு அப்போது அனுமதி கிடைப்பதுண்டு.

கோட்டைக்குள் எல்லோரையும் விடுவார்களா? படம் எடுக்கலாமா?
– வாசகர், ஓசூர்

விடுவார்கள். அருங்காட்சியகத்துக்கும் தேவாலயத்துக்கும் செல்பவர்கள் வாசலில் அப்படிச் சொன்னால் போதும். ஆளுக்கொரு அடையாள அட்டை கையில் இருக்கட்டும், பை சோதனை உண்டு. பெரிய பெட்டி, முக்காலி, டிரோன் எதையும் கொண்டுபோக வேண்டாம். கோட்டைக்குள்ளேயே தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் ராணுவப் பகுதியும் இருக்கின்றன. அவற்றை நோக்கிக் கேமராவைத் தூக்கக் கூடாது. ஒருவர் மீறினால் குழு முழுவதையும் நிறுத்தி விசாரிப்பார்கள், அரை மணி நேரம் போய்விடும். இதை வாசலுக்கு வெளியிலேயே சொல்லிவிடுவது வழிகாட்டியின் பொறுப்பு. சட்டமன்றம் நடக்கும் நாட்களில் கெடுபிடி கூடும், அந்த நாட்களைத் தவிருங்கள்.

அருங்காட்சியகத்தில் தவறவிடக் கூடாத பொருள் ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால், 15-8-1947 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றிய பட்டுத் தேசியக்கொடிதான். வெளிச்சம் குறைத்த இடத்தில் வைத்திருப்பார்கள். அவசரத்தில் கடந்துபோய்விடாதீர்கள்.

புனித மேரி தேவாலயத்தைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட கல்லறைக் கற்கள் தரையில் பதிந்திருக்கின்றன. அவற்றின் அடியில் யாரும் இல்லை என்று வழிகாட்டி சொன்னார். உண்மையா?
– கல்லூரி மாணவி, தாம்பரம்

உண்மை. பழைய ஆங்கிலேயர் இடுகாடு கோட்டைக்கு வெளியே, பிற்காலத்தில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்தது. 1758 டிசம்பரில் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, அங்கிருந்த உயரமான சமாதிக் கட்டடங்கள் அவர்களுக்கு நல்ல மறைப்பாக அமைந்தன. 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியது. மறுமுறை எதிரிக்கு அந்த மறைப்பு கிடைக்கக் கூடாது என்று ஆங்கிலேயர் சமாதிகளை இடித்து, எழுத்துப் பொறித்த கற்களை மட்டும் கோட்டைக்குள் கொண்டுவந்து தேவாலயத்தைச் சுற்றிப் பதித்தார்கள். கல் இங்கே, உடல் அங்கே. இடுகாட்டின் மிச்சமாக டேவிட் யேல், ஜோசப் ஹின்மர் இருவருக்கும் எழுப்பிய கூம்பு வடிவச் சமாதி மட்டும் அந்த வளாகத்தில் இருக்கிறது.

கற்களில் ஆங்கிலம் மட்டும் இல்லை. லத்தீன், போர்த்துகீசிய எழுத்துகளும் உண்டு. 1652 என்று ஆண்டு உள்ள எலிசபெத் பேக்கரின் கல்லைத் தேடிப் பாருங்கள். இந்தியாவில் கிடைத்துள்ள ஆங்கிலக் கல்லறைக் கற்களில் மிகப் பழையதாகக் கருதப்படுவது அது. கற்களின் மேல் நடக்காமல், ஓரமாக நின்று சாய்ந்த வெளிச்சத்தில் படியுங்கள். உச்சி வெயிலில் எழுத்தே தெரியாது. தண்ணீர் ஊற்றுவது, சாக்பீஸ் தேய்ப்பது இரண்டும் கூடாது. சாக்பீஸ் தூள் எழுத்தின் பள்ளத்தில் தங்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

தேவாலயத்தின் உள்ளே போனதும் மேலே பாருங்கள். 1680 அக்டோபர் 28 அன்று அர்ப்பணித்த இந்தக் கட்டடத்துக்கு மர உத்திரமே கிடையாது. கூரை முழுவதும் செங்கல் வளைவு, ஏறக்குறைய இரண்டடிக் கனம். வெளிச்சுவர் நான்கடி. பீரங்கிக் குண்டு விழுந்தால் தாங்க வேண்டும், தீப்பிடிக்கவும் கூடாது என்ற கணக்கில் கட்டியது. சுவரின் கனத்தைத் தெரிந்துகொள்ள அளவுகோல் தேவையில்லை, சன்னல் திண்டின் ஆழத்தைப் பார்த்தாலே போதும். முற்றுகைக் காலங்களில் கிடங்காகவும் தங்குமிடமாகவும் பயன்பட்டதற்கு இந்தக் கனம்தான் காரணம்.

இங்கே திருமணம் செய்தவர்களில் எலிகு யேலும் (1680) ராபர்ட் கிளைவும் (1753) உண்டு. யேலின் நன்கொடையால் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அவர் பெயர் வந்தது என்று சொல்லி எல்லோரையும் வியக்கவைப்பது வழிகாட்டிகளின் வழக்கம். அவர் இங்கே பதவியில் இருந்த 1680-களில் சென்னைக் கரையிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றினார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது வரலாறு ஆகாது.

பாரிமுனையில் ஒரு பழைய கல் தூண் இருக்கிறதாமே, எதற்கு?
– வாசகர், அம்பத்தூர்

1773-ஆம் ஆண்டு நட்ட எல்லைத் தூண்களில் எஞ்சியது அது. அதன் பின்னணி சோகமானது. இப்போது உயர் நீதிமன்றமும் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடமும் இருக்கும் இடத்தில்தான் முதலில் ‘கறுப்பர் நகரம்’ இருந்தது. நெசவாளர், வணிகர், துபாஷிகள் (வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்தவர்கள்) வாழ்ந்த நெருக்கமான ஊர். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்ததும் கோட்டையை ஒட்டிய வீடுகளை இடித்தார்கள். 1749-இல் கோட்டையைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர்கள் மிச்சத்தையும் இடித்தார்கள். பீரங்கி சுடும் பாதையில் எதுவும் குறுக்கே நிற்கக் கூடாது என்பதுதான் கணக்கு. அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் 1757-இல் போனது. அதற்கு மாற்றாகக் கிடைத்த நிலத்தில் மணலி முத்துகிருஷ்ண முதலியார் முயற்சியால் சென்னகேசவர், சென்னமல்லீஸ்வரர் இரட்டைக் கோயில்கள் எழுந்தன. பூக்கடையை அடுத்து இருக்கும் பட்டணம் கோயில் அதுதான். இடித்துச் சமமாக்கிய வெளியில் இனி யாரும் வீடு கட்டக் கூடாது என்று எல்லை குறித்தவையே இந்தத் தூண்கள்.

பாரிமுனைக்கு வடக்கே விரியும் ஜார்ஜ் டவுனில் தெருக்கள் ஏன் என்.எஸ்.சி. போஸ் சாலையோடு சட்டென்று நின்றுபோகின்றன, சாலைக்குத் தெற்கே ஏன் பெரிய வளாகங்கள் மட்டும் இருக்கின்றன என்பதற்கு இதுவே விடை. எந்த நடையிலும் இந்தத் தூணுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கலாம்.

சென்னைக்கு நான்கு கலங்கரை விளக்கங்கள் என்கிறார்கள். நான்கையும் பார்க்க முடியுமா?
– வாசகர், நாகப்பட்டினம்

இருந்த இடங்கள் நான்கையும் பார்க்கலாம், அவற்றில் மூன்று இந்த நடைக்குள்ளேயே வந்துவிடும். முதலாவது 1796-இல் கோட்டைக்குள், இன்றைய அருங்காட்சியகக் கட்டடத்தின் மாடியில் எரிந்த எண்ணெய் விளக்கு. இரண்டாவது 1844-இல் ஒளிர்ந்தது. உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் தனியாக நிற்கும், கிரேக்கப் பாணியிலான கல் தூண், உயரம் ஏறக்குறைய 125 அடி. மூன்றாவது உயர் நீதிமன்றத்தின் மிக உயரமான கோபுரமே. நீதிமன்றம் 1892-இல் திறந்தது, 1894-இல் அதன் உச்சியில் சுமார் 175 அடி உயரத்தில் விளக்கை ஏற்றினார்கள். 1977 வரை கப்பல்களுக்கு வழிகாட்டியது அதுதான். நான்காவது மெரினாவில் இருப்பது. மின்தூக்கியில் மேலே போகலாம், திங்கள் விடுமுறை.

இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே பார்வையில் தெரிய வேண்டுமானால் உயர் நீதிமன்றத்தின் கிழக்குப் பக்கம், ராஜாஜி சாலையில் நின்று பார்க்க வேண்டும். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் குண்டு வீசியதைக் குறிக்கும் பலகையும் அந்தப் பக்கச் சுற்றுச்சுவரில்தான் இருக்கிறது. நடைபாதைக் கூட்டத்தில் கவனிக்காமல் கடந்துபோவது எளிது.

உயர் நீதிமன்றத்தைப் பற்றி இன்னொரு செய்தி. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சனிக்கிழமை இரவு முதல் மறுநாள் இரவு வரை எல்லா வாயில்களையும் பூட்டிவிடுவார்கள். வளாகத்தின் வழியே நடந்து பழகியவர்கள் அதைப் பொதுப்பாதை என்று உரிமை கோராமல் இருக்க நெடுங்காலமாகத் தொடரும் வழக்கம் இது. நடைக்கு நாள் குறிக்கும்போது செய்தித்தாளில் அந்த அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாரம்பரிய நடையில் “மெட்ராஸ் டெரஸ்” என்று கூரையைக் காட்டினார்கள். மண்ணடியில் எங்கள் பூர்வீக வீட்டுக் கூரையும் அப்படித்தான் இருக்கிறது. எப்படி உறுதிப்படுத்துவது? மழையில் ஒழுகுகிறது, மேலே சிமெண்ட் போட்டுவிடலாமா?
– வாசகர், மண்ணடி

சிமெண்ட் வேண்டாம். அதற்கான காரணம் கூரையின் அமைப்பிலேயே இருக்கிறது.

அறைக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். தேக்கு உத்திரங்கள் ஒன்றரை அடி இடைவெளியில் வரிசையாக ஓடும். அவற்றுக்கு மேல் மெல்லிய சிறு செங்கற்கள் (சுமார் 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனம்) படுக்காமல் நெட்டுக்குத்தாக, உத்திரத்துக்குக் குறுக்கே மூலைவாட்டில் ஓடினால் அது மெட்ராஸ் டெரஸ்தான். கட்டைக்குத்துத் தளம் என்றும் சொல்வார்கள். செங்கல் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து மூன்று நான்கு அங்குலம் பரப்பி, மரக்கட்டையால் நாள்கணக்கில் இடித்து இறுக்குவார்கள். கட்டை துள்ளி எழும்பும்வரை இடிக்க வேண்டும் என்பது கொத்தனார்களின் கணக்கு. அதற்கு மேல் தட்டோடு (தட்டையான ஓடு), இணைப்பு மாறி மாறி வரும்படி இரண்டு மூன்று அடுக்கு. கடைசியில் வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு.

இந்தக் கூரை முழுவதும் ஈரத்தை உள்வாங்கி வெயிலில் வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் மேலே போக வழியின்றிக் கீழே இறங்கி உத்திரத்தில் சேரும். மரம் முதலில் இற்றுப்போவது அறையின் நடுவில் அல்ல, சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில். வெளியே ஒன்றும் தெரியாமல் ஒருநாள் திடீரென்று இறங்கிவிடும். எடையும் கூடும். நூறு சதுர அடியில் ஒரு அங்குலம் சிமெண்ட் கலவை போட்டால் ஏறக்குறைய அரை டன் ஏறுகிறது. ஒவ்வொரு மழைக்கும் ஓர் அங்குலம் என்று ஏற்றிக்கொண்டே போன வீடுகள்தான் பெரும்பாலும் விழுகின்றன.

செய்ய வேண்டியது இது. முதலில் தண்ணீர் வடிகிறதா என்று பாருங்கள். பாதி ஒழுகலுக்குக் காரணம் அடைபட்ட மடைவாய். அரசு, ஆல் முளைத்திருந்தால் வெட்டினால் மட்டும் போதாது, வேரோடு எடுத்து அந்த இடத்தை அடைக்க வேண்டும். உத்திர முனைகளைத் தட்டிப் பாருங்கள். மொத்தென்று கேட்டால் மரம் போய்விட்டது, தச்சரைக் கூப்பிடுங்கள். தட்டோடு பெயர்ந்த இடங்களை மட்டும் எடுத்துச் சுண்ணாம்புக் கலவையில் மீண்டும் பதிக்கலாம். நன்றாக நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணலும் செங்கல் தூளுமாக இரண்டு முதல் மூன்று பங்கு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். வேலையை மழைக்கு மூன்று மாதம் முன்பே முடித்துவிட வேண்டும். சுண்ணாம்பு இறுக நாளாகும், ஐப்பசியில் பூசினால் கரைந்து ஓடிவிடும்.

நடையில் போகும்போது சுவரையும் இதே கண்ணோடு பாருங்கள். அடிப்பகுதியில் மட்டும் சாம்பல் நிறத்தில் சிமெண்ட் பூசி, அதற்குச் சற்று மேலே பழைய பூச்சு பொரிந்து உப்புப் பூத்திருக்கும் சுவர்கள் ஜார்ஜ் டவுன் எங்கும் உண்டு. தரையிலிருந்து ஏறும் ஈரம் சிமெண்டைத் தாண்டி மேலே போய் வெளியேறுவதன் அடையாளம் அது. பழைய சென்னைச் சாந்து வேறு வகை. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, தயிர், வெல்லம் சேர்த்து அரைத்து, மெல்ல மெல்லப் பூசிக் கல்லால் தேய்த்தால் பளிங்குபோல் மின்னும். பழைய கட்டடங்களின் உள்தூண்களில் அதைப் பார்த்தால் பார்வையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விரலில் இருக்கும் எண்ணெயும் வியர்வையும் அந்த மினுமினுப்பைக் கெடுக்கும்.

வரலாறு படிக்கிறேன். சொந்தமாக நடைகள் நடத்த ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
– முதுகலை மாணவர், மதுரை

முதலில் பாதையை, நடை நடத்தப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில் தனியாக நடந்து பாருங்கள். ஞாயிறு காலை காலியாக இருக்கும் தெரு செவ்வாய் காலை கால் வைக்க இடமில்லாமல் இருக்கும். எங்கே நிழல், எங்கே கழிப்பறை (மெட்ரோ நிலையங்களில் நல்ல வசதி உண்டு), எங்கே பதினைந்து பேர் மற்றவர்களுக்கு இடைஞ்சலின்றி நிற்கலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். அதைத் தாண்டினால் ஒரு சிக்னலில் குழு இரண்டாகப் பிரியும், பின்னால் நிற்பவருக்குக் குரல் எட்டாது. கடைசி ஆளாக வர உதவியாளர் ஒருவர் கட்டாயம். ஏழு நிறுத்தம், நிறுத்தத்துக்கு எட்டு நிமிடம் என்றால் பேச்சே ஒரு மணி நேரத்தை நெருங்கிவிடும். அதற்கு மேல் யாரும் காதுகொடுக்க மாட்டார்கள். கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். வெயில் உங்கள் முகத்தில் விழட்டும், கேட்பவர்கள் முதுகில் விழட்டும். பலர் இதை மாற்றிச் செய்து, கண் கூசும் கூட்டத்திடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பேச்சைப் பற்றி எங்கள் உறுதியான கருத்து: நிற்கிற இடத்தில் விரல் நீட்டிக் காட்ட முடியாத எதையும் ஒரு நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள். ஆளுநர்களின் பட்டியலை வீட்டில் படித்துக்கொள்ளலாம். நான்கடிச் சுவரையும் இடம் மாறிய கல்லறைக் கல்லையும் இங்கே வந்தால்தான் பார்க்க முடியும். பழைய வரைபடமும் பழைய படங்களும் ஏ4 அளவில் ஐந்தாறு லேமினேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். இடிபட்ட ஊரை வாயால் விளக்க ஐந்து நிமிடம் ஆகும், வரைபடத்தில் ஒரே நிமிடம்தான்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு செய்தியையும் கல்லில் இருப்பது, ஆவணத்தில் இருப்பது, வாய்வழி வருவது என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள், சொல்லும்போதும் அப்படியே பிரித்துச் சொல்லுங்கள். தம்பு செட்டித் தெருவின் காளிகாம்பாள் கோயிலுக்கு 1677-இல் சிவாஜி வந்து வழிபட்டார் என்பது கோயில் மரபு. “கோயிலில் இப்படிச் சொல்கிறார்கள்” என்ற இரண்டு மூன்று சொற்களைச் சேர்ப்பதால் கதையின் அழகு ஒன்றும் குறையாது.

சில கதைகளை விட்டே விட வேண்டும். தீவுத்திடல் அருகே இருக்கும் தாமஸ் மன்றோ சிலையில் அங்கவடி (குதிரையில் அமர்பவர் கால் வைக்கும் வளையம்) இல்லை, சிற்பி மறந்துவிட்டார், அந்த அவமானத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார் என்ற கதையை இன்னும் சொல்கிறார்கள். சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி, லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கும் நான்காம் ஜார்ஜ் சிலையையும் அங்கவடி இல்லாமல்தான் செய்தார். அது அவர் வேண்டுமென்றே எடுத்துக்கொண்ட பாணி.

எல்லாக் கட்டடங்களுக்கும் வெள்ளைக்காரர் பெயரையே சொல்கிறார்கள். நம்மவர்கள் யாருமே இல்லையா?
– ஆசிரியை, காஞ்சிபுரம்

நியாயமான கோபம். வரைந்தவர் பெயரைச் சொல்கிறவர்கள் கட்டியவர் பெயரையும் சொல்ல வேண்டும். ஹென்றி இர்வின் பெயர் வரும் இடங்களில் பெரும்பாலும் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார் பெயரும் வர வேண்டும். கன்னிமாரா நூலகம், சட்டக் கல்லூரி, ஸ்டேட் வங்கிக் கட்டடம், விக்டோரியா பொது மண்டபம் எல்லாம் அவர் ஒப்பந்தத்தில் எழுந்தவை. ரிப்பன் மாளிகையைக் கட்டியவர் லோகநாத முதலியார். என்.எஸ்.சி. போஸ் சாலையில் கடைகளுக்குப் பின்னால் மறைந்துகிடக்கும் பச்சையப்பன் மண்டபம் (1850) ஏதென்ஸ் கோயில் ஒன்றின் சாயலில் உள்ளது. துபாஷியாக இருந்து பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார் 1794-இல் இறந்தபோது அறத்துக்கு விட்டுச்சென்ற சொத்திலிருந்து எழுந்தது. எதிர்ப்புற நடைபாதையிலிருந்து பார்த்தால்தான் கடைகளுக்கு மேலே தூண்கள் தெரியும். உங்கள் மாணவர்களை அங்கே நிறுத்தி இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள்.

நாற்பது பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போகலாமா?
– தலைமை ஆசிரியர், செங்கல்பட்டு

நாற்பது பேரை ஒன்றாக வேண்டாம். இருபது இருபதாகப் பிரித்து, ஒரு குழு கோட்டையிலும் மற்றது ஆர்மீனியன் தேவாலயப் பக்கமும் தொடங்கி நடுவில் மாறிக்கொள்ளட்டும். பள்ளியின் கடிதமும் பெயர்ப்பட்டியலும் இரண்டு நகல் எடுத்து வாருங்கள். பத்துப் பேருக்கு ஒரு பெரியவர். சாலையைக் கடக்க, இருக்கும் இடத்தில் சுரங்கப்பாதையையே பயன்படுத்துங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி. பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

இந்த நடையை முடித்துவிட்டோம். அடுத்து எது?
– வாசகர், ஆவடி

சென்ட்ரலிலிருந்து எழும்பூருக்கு. 1873-இல் திறந்த சென்ட்ரல் நிலையம், பக்கத்தில் விக்டோரியா பொது மண்டபம், அதையடுத்து ரிப்பன் மாளிகை. மூன்றும் அடுத்தடுத்து இருப்பதால் ஒரு மணி நேரம் போதும். ரிப்பன் மாளிகைக்கு 1909-இல் அடிக்கல் நாட்டி 1913-இல் முடித்தார்கள், செலவு 7.5 லட்சம் ரூபாய். பிறகு பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியாகப் புனித ஆண்ட்ரூ கிர்க் வரை நடக்கலாம். 1821-இல் திறந்த அந்தத் தேவாலயத்தின் நிலம் களியும் நீரும் நிறைந்தது, சாதாரண அடித்தளம் நிற்காது. தாமஸ் டி ஹாவிலண்ட் 150-க்கு மேற்பட்ட வட்டக் கிணறுகளை இறக்கி அவற்றின் மேல் கட்டினார். உள்ளே வட்டமாக நிற்கும் பதினாறு தூண்களும் அவை தாங்கும் நீல வண்ணக் குவிமாடமும் அந்தக் கிணறுகளை நம்பித்தான் இரண்டு நூற்றாண்டுகளாக நிற்கின்றன. வேலை நாள் காலையில் போங்கள், குவிமாடத்தின் நேர் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். திருமணம் ஏதும் இல்லாத நாளா என்று முன்கூட்டியே அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.